கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கலாம்: எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போக வேண்டுமென்றால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய பாதுகாப்பு வசதிகள் தேவை. பிராசஸர் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கும் ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசைக்கும் குறையாமல் இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏராளமான வீட்டுக் கம்ப்யூட்டர்கள் இந்தக் கணக்கில் அடிபட்டுப்போயின. அதே ஆண்டின் பிற்பகுதியில், ஏஐ தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டதால் ரேம் விலையும் உலகெங்கும் ஏறியது. பழையதை ஓரம்கட்டிவிட்டுப் புதிது வாங்குவதா, இருப்பதைச் சரிசெய்து இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவதா என்ற கேள்வி பல வீடுகளில் எழுந்திருக்கிறது.

கம்ப்யூட்டர் எந்த இடத்தில் திணறுகிறது என்று தெரியாமல் வாங்கும் பாகம், எவ்வளவு தரமானதாக இருந்தாலும் வீண் செலவு. ஹார்டு டிஸ்க் கடைசி மூச்சில் இருக்கும்போது ரேம் வாங்கிப் போடுவதும், எஸ்எம்பிஎஸ் தள்ளாடும்போது மதர்போர்டை மாற்றுவதும் அன்றாடம் நடக்கின்றன. பழுது பார்க்கத் தெரிந்தால்தான் பாகம் தேர்ந்தெடுக்கவும் தெரியும்.

விளக்கத்துக்கு ஒரு சிஸ்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 2016 வாக்கில் அசெம்பிள் செய்தது: கோர் ஐ5-6500 பிராசஸர், எச்110 சிப்செட் மதர்போர்டு, ஒரே ஒரு 8 ஜிபி டிடிஆர்4 ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், கேபினெட்டோடு சேர்ந்து வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ். ஆன் செய்தால் டெஸ்க்டாப் வந்து நிலைகொள்ள நிமிடக்கணக்கில் ஆகிறது. பிரௌசரில் பத்து டேப் திறந்தால் ஹேங் ஆகிறது.

திணறல் எங்கே?

முதல் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கமாக எந்த வேலையில் எரிச்சல் வருகிறதோ அதே வேலையைச் செய்து பார்க்க வேண்டும். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, பரிமாற்ற வேகம் மட்டும் விநாடிக்கு ஓரிரு எம்பி என்று காட்டினால் பிரச்சினை டிஸ்கில். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. இரண்டும் அமைதியாக இருக்க சிபியூ மட்டும் 100-ஐத் தொட்டால், பிராசஸர் போதவில்லை, அல்லது ஏதோ ஒரு புரோகிராம் பின்னணியில் அதை விழுங்கிக்கொண்டிருக்கிறது.

மெமரி பகுதியிலேயே, எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது, என்ன வேகத்தில் ஓடுகிறது என்ற விவரமும் இருக்கும். மதர்போர்டின் மாடல் எண்ணையும் பயாஸ் பதிப்பையும் சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருள் காட்டிவிடும். இந்த விவரங்களைத் தாளில் எழுதிக்கொண்டு, மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கான கையேட்டை இறக்கிப் படித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எந்தப் பிராசஸர் பொருந்தும், எவ்வளவு ரேம் ஏற்கும், எம்.2 ஸ்லாட் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைக்காரரின் நினைவாற்றலை நம்பி வாங்குவதைவிட இது மேல்.

முதல் செலவு எஸ்எஸ்டிக்கு

மேலே சொன்ன சிஸ்டத்தில் டாஸ்க் மேனேஜர் பெரும்பாலும் டிஸ்கைத்தான் காட்டிக்கொடுக்கும். சாதாரண ஹார்டு டிஸ்கில், நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டின் மேல் ஒரு முனை நகர்ந்துபோய்த் தகவலைப் படிக்கிறது. ஒவ்வொரு புது இடத்துக்கும் போய்ச் சேர 10 மில்லி விநாடி அளவில் ஆகும். அதாவது, சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை விநாடிக்குச் சுமார் நூறு தடவைதான் தொட முடியும். விண்டோஸ் தொடங்கும்போது படிப்பதெல்லாம் அப்படிப்பட்ட சிதறல்களைத்தான். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. விலை குறைந்த எஸ்எஸ்டிகூட அதே ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான இடங்களைத் தொட்டுவிடும். பழைய கம்ப்யூட்டரில் கண்ணுக்குத் தெரியும்படியான மாற்றத்தைக் கொண்டுவரும் பாகம் இதற்கு ஈடாக வேறில்லை.

சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி அளவில் படிக்கும். என்விஎம்இ வகையில் மூன்றாம் தலைமுறை 3,500 எம்பியையும் நான்காம் தலைமுறை 7,000 எம்பியையும் எட்டும். எண்கள் மலைக்கவைத்தாலும், பிரௌசர், ஆபீஸ் வேலை, படம் பார்ப்பது என்றிருக்கும் வீட்டில் இந்த மூன்றுக்கும் இடையிலான வித்தியாசம் அவ்வளவாக உணரப்படுவதில்லை. ஹார்டு டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்குத் தாவுவதுதான் பெரிய தாவல். எச்110 போர்டுகள் பலவற்றில் எம்.2 ஸ்லாட்டே கிடையாது; அங்கே இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும். ஸ்லாட் இருக்கும் போர்டுகளிலும் அவசரப்படக் கூடாது. சில ஸ்லாட்டுகள் சாட்டா வகையை மட்டும் ஏற்கும், சில என்விஎம்இயை மட்டும். வேறு சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் சாட்டா போர்ட் ஒன்று தானாக அணைந்துவிடும். புது எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போனால் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கேபிளை அடுத்த போர்ட்டில் செருகினால் அநேகமாகத் திரும்பி வந்துவிடும்.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடுமோ என்ற பயம் இன்னும் இருக்கிறது. நடுத்தர விலையில் கிடைக்கும் 1 டிபி எஸ்எஸ்டி பலவற்றுக்கு நிறுவனங்கள் 600 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருகின்றன. வீட்டில் ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினால்கூட ஆண்டுக்கு 7.3 டிபிதான் ஆகிறது. அந்த எல்லையைத் தொட 80 ஆண்டுகளுக்கு மேலாகும். கவனிக்க வேண்டியது வாரண்டி ஆண்டுகளையும், அந்த நிறுவனத்துக்கு ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பதையும்தான்.

புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் நிறுவும்போது பழைய ஹார்டு டிஸ்கின் சாட்டா கேபிளைக் கழற்றி வைப்பது அவசியம். இரண்டும் இணைந்திருந்தால், பூட் செய்யத் தேவையான சிறு பகுதியை விண்டோஸ் பழைய டிஸ்கிலேயே வைத்துவிடுவது உண்டு. ஆறு மாதம் கழித்துப் பழைய டிஸ்கைக் கழற்றும் நாளில் கம்ப்யூட்டர் பூட் ஆகாது, காரணமும் புரியாது.

அதற்கும் முன்னால், பழைய டிஸ்கின் உடல்நிலையைப் பார்க்க வேண்டும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் 'ஸ்மார்ட்' குறிப்புகளைக் காட்டும். 05, சி5, சி6 ஆகிய வரிகளில் எண் ஏறிக்கொண்டிருந்தால் தட்டு கெட்டுவருகிறது. முதலில் குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்துக்கு நகலெடுத்துவிட வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. சி7 வரி மட்டும் ஏறினால் குற்றவாளி பெரும்பாலும் சாட்டா கேபிள்தான். 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே அணைப்பது நல்லது. திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பது இருப்பதையும் கெடுக்கும்.

ரேம்: அளவும் இணையும்

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் 288 பின்கள்தான் என்றாலும் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். எச்110 போர்டுகளில் பெரும்பாலானவை டிடிஆர்4, சில டிடிஆர்3. ஆகவே, சிப்செட் பெயரை மட்டும் வைத்து ரேம் வாங்கக் கூடாது.

இன்று விண்டோஸும் பிரௌசரும் சேர்ந்து கேட்பதற்கு 16 ஜிபி நிம்மதியான அளவு. ஏற்கெனவே ஒரு 8 ஜிபி இருந்தால், இன்னொரு 8 ஜிபி சேர்ப்பதில் கூடுதல் லாபம் உண்டு: இரண்டும் தனித்தனிச் சேனலில் ஒரே சமயத்தில் வேலை செய்யும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கு இது பெரிய உதவி, ஏனென்றால் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் இந்த ரேமைத்தான் பயன்படுத்துகிறது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் மட்டும் போடுவதானால், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடும்படி பல கையேடுகள் சொல்கின்றன. வேறுவேறு வேகமுள்ள ரேம்களைச் சேர்த்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிவிடும். ஐ5-6500 எப்படியும் டிடிஆர்4-ஐ 2133-ல்தான் ஓட்டும் என்பதால், அதற்காக 3200 வேக ரேமைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பிராசஸர் என்னும் முட்டுச்சந்து

இந்த இடத்தில்தான் பலரும் பணத்தைத் தொலைக்கிறார்கள். எச்110 போர்டின் சாக்கெட் எல்ஜிஏ 1151. எட்டாம் தலைமுறை ஐ5-8400-ன் சாக்கெட் பெயரும் அதுவே. ஆனால், 2017-ல் எட்டாம் தலைமுறையை வெளியிட்டபோது இன்டெல் 300 வரிசை சிப்செட்டைக் கட்டாயமாக்கிவிட்டது. பழைய போர்டில் ஐ5-8400 உட்காரும், ஓடாது. அந்தப் போர்டு ஏற்கும் வீட்டுப் பிராசஸர்களில் உச்சம் ஏழாம் தலைமுறை ஐ7-7700 வகைதான், அதற்கும் பயாஸ் அப்டேட் வேண்டியிருக்கலாம். அப்படியே செகண்ட் ஹேண்டில் தேடி வாங்கிப் போட்டாலும், விண்டோஸ் 11-ன் பட்டியலில் அது இல்லை. செலவழித்தும் தொடங்கிய இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்கள் நிலைமை வேறு. 2017-ல் வாங்கிய பி350 போர்டுகள் பலவும் பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு ஆறு கோர் ரைசன் 5 5600-ஐ ஏற்கின்றன. அது விண்டோஸ் 11-ஐயும் ஓட்டும். அப்டேட்டைப் பழைய பிராசஸர் போர்டில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். பயாஸ் அப்டேட் நடுவே கரன்ட் போனால் போர்டே எழாமல் போகலாம் என்பதால் யூபிஎஸ் இல்லாமல் அதில் கைவைப்பது ஆபத்து. டிஸ்கில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, 48 இலக்க மீட்புச் சாவியை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். சாவி இல்லாமல் பூட்டிக்கொண்ட டிஸ்கை மைக்ரோசாஃப்டாலும் திறந்து தர முடியாது.

இன்டெல் பக்கம் போர்டையே மாற்றுவது என்று முடிவானால், ரேம் விலை ஏறியிருக்கும் இந்தக் காலத்தில் ஒரு வழி பணத்தை மிச்சப்படுத்தும். எல்ஜிஏ 1700 சாக்கெட் போர்டுகளில் டிடிஆர்4 ஏற்கும் எச்610, பி660 மாடல்கள் உண்டு. அவற்றோடு ஐ3-12100 போன்ற நான்கு கோர், எட்டு திரெட் பிராசஸரைப் போட்டால் பழைய டிடிஆர்4 ரேமை அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம். அதற்குப் பிந்தைய எல்ஜிஏ 1851 சாக்கெட்டும் ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டும் டிடிஆர்5-ஐ மட்டுமே ஏற்கும். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசஸர்களைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை: அளவுக்கு மீறிய வோல்டேஜால் அவற்றில் சில நிலைகுலைந்தன; 2024 ஆகஸ்டிலிருந்து இன்டெல் அதற்கான மைக்ரோகோடு திருத்தங்களை வெளியிட்டது. திருத்தம் இனி வரும் சேதத்தைத் தடுக்கும், ஏற்கெனவே நேர்ந்த சேதத்தை ஆற்றாது.

பழைய போர்டை மாற்ற மனமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கிறது. அதற்குப் பிறகு லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளம் ஒன்றை நிறுவினால், ஐ5-6500 இணையத்துக்கும் ஆவண வேலைக்கும் இன்னும் தாராளமாகப் போதும்.

கிராபிக்ஸ் கார்டுக்கு முன் மூன்று அளவுகள்

விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ இல்லாத வீட்டுக்குத் தனி கார்டு தேவையில்லை. தேவைப்படுவோர், கார்டின் நீளம் கேபினெட்டுக்குள் அடங்குமா, எஸ்எம்பிஎஸ் தாங்குமா, போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் தலைமுறை என்ன என்று மூன்றையும் பார்க்க வேண்டும். ஸ்லாட் வழியாக மட்டும் 75 வாட் கிடைக்கும். 6 பின் கேபிள் இன்னொரு 75 வாட், 8 பின் கேபிள் 150 வாட் தரும். ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி வகை ஆகியவற்றில் தனிக் கேபிள் கேட்காத மாடல்கள் இருப்பதால் பழைய சிஸ்டங்களுக்கு அவை தோதானவை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகக் கிடைத்தாலும் நான்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்களை மட்டுமே பயன்படுத்துகிறது. மூன்றாம் தலைமுறை ஸ்லாட் உள்ள பழைய போர்டில் போட்டால் அதன் வேகம் விளையாட்டுகளில் நன்றாகவே குறையும்.

எஸ்எம்பிஎஸ்ஸும் வீட்டு வயரிங்கும்

கேபினெட்டோடு இலவசம்போல வரும் எஸ்எம்பிஎஸ்தான் வீட்டுக் கம்ப்யூட்டரின் மிகப் பலவீனமான பாகம். மேலே ஒட்டிய லேபிளில் பெரிதாக 450 வாட் என்று இருக்கும். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட் வழியில்தான் மின்சாரத்தை எடுப்பதால் அந்தக் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால் உண்மையில் கிடைப்பது 192 வாட். '80 பிளஸ்' சான்று திறனைத்தான் சொல்கிறது, நம்பகத்தன்மைக்கு அது மட்டும் போதாது. ஆனால் அந்தச் சான்றுகூட இல்லாததை வாங்கவே வேண்டாம். மாடுலர் வகையில் ஒரு நிறுவனத்தின் கேபிளை இன்னொரு நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ்ஸில் செருகக் கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே வயர் வரிசை மாறியிருக்கும். டிஸ்கும் போர்டும் நொடியில் கருகிவிடும்.

கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஒரு கூச்சம் ஏற்படுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் எர்த். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்வாயிலில், மின்கம்பியின் இரைச்சலை எர்த்துக்கு வடித்துவிடச் சிறு கப்பாசிட்டர்கள் உண்டு. பிளக்கின் மூன்றாவது பின்னுக்கு எர்த் வரவில்லையென்றால் கேபினெட் உலோகம் 230 வோல்ட்டில் பாதியளவுக்கு மிதக்கத் தொடங்கும். கரன்ட் மிகக் குறைவு என்பதால் ஆளை அடிக்காது. ஆனால், அதே நிலையில் டிவியோடு எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும்போது போர்ட் எரிந்துபோக வாய்ப்புண்டு. இதற்கு எந்தப் பாகத்தை மாற்றியும் பயனில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்ய வேண்டும். இரண்டு பின் கன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரைச் செருகுவதை இன்றே நிறுத்துவது நல்லது.

கரன்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும்போது கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆவதும் பல வீடுகளின் புகார். எஸ்எம்பிஎஸ்ஸால் தன் கப்பாசிட்டரில் உள்ள சேமிப்பைக்கொண்டு சுமார் 16 மில்லி விநாடிதான் தாக்குப்பிடிக்க முடியும். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் 'யூபிஎஸ் மோட்' என்ற சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் மாறும் நேரம் குறையும். இல்லையென்றால் கம்ப்யூட்டருக்குத் தனி யூபிஎஸ். வடகிழக்குப் பருவமழையின் இடி மின்னல் நாள்களில் பவர் பிளக்கோடு இணையக் கேபிளையும் கழற்ற வேண்டும். மொட்டைமாடி வழியாக வரும் லேன் கேபிளில் ஏறும் மின்னழுத்தம் போர்டின் லேன் போர்ட்டை மட்டும் சுட்டுவிட்டுப் போவதுண்டு.

நோ டிஸ்பிளே

பாகம் மாற்றியதும் மின்விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை என்பதுதான் எல்லோரும் பயப்படும் கட்டம். பயப்படத் தேவையில்லை, பெரும்பாலும் பாகம் சாகவில்லை, இணைப்பில்தான் கோளாறு. மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா, மதர்போர்டிலா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, பிராசஸருக்கு அருகில் உள்ள 4 பின் அல்லது 8 பின் பவர் இணைப்பு. அது விட்டுப்போனால் விசிறிகள் சுற்றும், வேறெதுவும் நடக்காது. இன்டெல்லில் பெயர் 'எஃப்' என்று முடியும் பிராசஸர்களுக்கும் ரைசன் 5 5600 போன்றவற்றுக்கும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் படம் வரவே வராது.

இவை சரியென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிய பிறகு, ரேமைக் கழற்ற வேண்டும். அதன் பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் தேய்த்துத் துகளைத் துடைத்துவிட்டு, இருபுறத் தாழ்களும் 'டக்' என்று விழும்வரை அழுத்திச் செருக வேண்டும். சர்வீஸ் கடைகளில் வழிவழியாகச் செய்துவரும் இந்த வைத்தியம் உண்மையாகவே வேலை செய்யும், ஏனென்றால் ஈரக்காற்றில் அந்த முனைகளின் மேல் படியும் மெல்லிய அழுக்குதான் பல நேரங்களில் கோளாறு. ஐசோபுரோபைல் ஆல்கஹால் கிடைத்தால் இன்னும் பாதுகாப்பு. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு, ஸ்லாட்டை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். டிடிஆர்5 சிஸ்டமாக இருந்தால் முதல் தடவை ரேமைப் பழகிக்கொள்ளவே சில நிமிடங்கள் ஆகும். கறுப்புத் திரையைக் கண்டு நடுவில் அணைக்கக் கூடாது.

அப்போதும் வரவில்லையா? மதர்போர்டில் காசு அளவில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியைப் பவர் இல்லாத நிலையில் ஐந்து நிமிடம் கழற்றிவைத்தால் பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். தேதியும் நேரமும் அடிக்கடி மாறிப்போகும் கம்ப்யூட்டரில் அந்தப் பேட்டரியையே புதிதாகப் போட வேண்டும். கடைசிப் படி: போர்டை வெளியே எடுத்து, அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து, பிராசஸர், கூலர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் இணைத்துப் பார்ப்பது. வெளியே ஓடி, உள்ளே ஓடாவிட்டால் கேபினெட்டின் திருகுத் தாங்கி ஏதோ ஒன்று போர்டின் அடியைத் தொட்டு ஷார்ட் ஆக்குகிறது. சின்ன பீப் ஸ்பீக்கர் ஒன்றைச் செருகி, ரேமை முழுவதும் கழற்றிவிட்டு ஆன் செய்யும்போது பீப் சத்தம் வந்தால் பிராசஸரும் போர்டும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். புது போர்டுகளில் சிபியூ, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் உண்டு. எது அணையாமல் எரிகிறதோ அங்கே பழுது.

வந்து வந்து போகும் கோளாறுகள்

நீலத்திரை, திடீர் ரீஸ்டார்ட், ஹேங் ஆகியவற்றைப் பிடிப்பது கடினம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து பார்ப்பதுதான் விதி. இரண்டை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்ற வரியைப் பார்த்தவுடன் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். விண்டோஸ் முறையாக அணையாமல் நின்றுபோனது என்பதைத் தவிர அந்த வரி வேறெதையும் சொல்வதில்லை. காரணத்தைத் தனியே தேட வேண்டும். நீலத்திரையில் 'மெமரி மேனேஜ்மென்ட்' போன்ற பெயர் வந்தால் மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவில் போட்டு இரவு முழுவதும் ஓட விடலாம். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அதை விட்டுவிடக் கூடாது. எக்ஸ்எம்பி போன்ற வேக அமைப்பை அணைத்துவிட்டு மறுபடி சோதித்தும் பிழை வந்தால், ரேம்களை ஒவ்வொன்றாகச் சோதித்து எது என்று பிரித்துவிடலாம்.

வெயில் காலத்தில் மட்டும் அணைந்துபோனால் வெப்பத்தைப் பார்க்க வேண்டும். அறை 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் பிராசஸரின் வெப்பமும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி ஏறும். ஓய்வில் இருக்கும்போதே 80-ஐத் தொட்டால், கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று கழன்றிருக்கலாம், அல்லது தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். தூசியை ஊதும்போது மின்விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏஎம்4 கூலரைக் கழற்றும் முன் கம்ப்யூட்டரைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளகவைத்து, திருகினாற்போல் எடுக்க வேண்டும். நேராக இழுத்தால் பிராசஸரும் சேர்ந்து சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகமிருந்தால் மல்டிமீட்டரில் மஞ்சள் வயர் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள்ளும், சிவப்பு வயர் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள்ளும் காட்ட வேண்டும். அது சரியாக இருந்தும் விளையாட்டு தொடங்கியதும் அணைந்தால், சுமை ஏறும்போது தாங்காத எஸ்எம்பிஎஸ் என்று கொள்ளலாம். தெரிந்தவரிடம் நல்லது ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை. எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியை மட்டும் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உள்ள கப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கலாம்.

வாங்கும்போது

சென்னை ரிச்சி தெருவானாலும் ஆன்லைன் கடையானாலும் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணும் பதிவாகியிருக்க வேண்டும். பில் இல்லாமல் தருவதாகச் சொல்லும் தள்ளுபடி, வாரண்டியை இழப்பதற்கான விலை. செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டுகளில், பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டின் பயாஸை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்கும் மோசடி பரவலாக நடந்திருக்கிறது. ஜிபியூ-இசட் மென்பொருளில் பார்த்தால் போலி வெளிப்பட்டுவிடும். நம்பமுடியாத விலையில் பல டிபி என்று விற்கும் பெயரில்லாத எஸ்எஸ்டிகளும் பென் டிரைவ்களும் அதே ரகம்; கடைசி ஜிபி வரை எழுதிப் படித்துச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ அவற்றைப் பிடித்துவிடும்.

ஐ5-6500 சிஸ்டத்துக்குத் திரும்பினால், கணக்கு இதுதான்: சாட்டா எஸ்எஸ்டி, இன்னொரு 8 ஜிபி ரேம், புது சிஆர்2032 பேட்டரி, புது தெர்மல் பேஸ்ட். இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்தப் போர்டின் மேல் பிராசஸரோ பெரிய கிராபிக்ஸ் கார்டோ வாங்கிப் போடுவது வேண்டாம். விண்டோஸ் 11 கட்டாயம் என்றால் போர்டும் பிராசஸரும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்ந்தே மாற வேண்டும். கேபினெட், எஸ்எஸ்டி, டிடிஆர்4 ரேம், மானிட்டர் ஆகியவை புது போர்டுக்கும் உதவும்.

கழற்றிய பாகங்களைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். பழைய ஹார்டு டிஸ்கை மட்டும் யாருக்கும் விற்காதீர்கள். சாதாரணமாக ஃபார்மேட் செய்த டிஸ்கிலிருந்து படங்களையும் ஆதார் நகல்களையும் இலவச மென்பொருளாலேயே மீட்டுவிட முடியும். ஸ்மார்ட் குறிப்பு நன்றாக இருந்தால், தனி அடாப்டருடன் வரும் யூஎஸ்பி பெட்டியில் அதைப் போட்டு பேக்அப் டிஸ்காக வைத்துக்கொள்ளுங்கள்.